சாடியும் பீப்பாவும்: பழைய கோல் நாட்டில் முந்திரிகை வந்த கதை

பிரான்சு தேசத்தின் பெயரைக் கேட்டவுடன் முந்திரிகைத் தோட்டங்களும், அவற்றின் பழத்திலிருந்து வடிக்கும் மதுவும் நம் நினைவுக்கு வருகின்றன. தமிழகத்தார் திராட்சை என்று வழங்கும் கொடியையே யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். பிரான்சியரும் முந்திரிகை மதுவும் ஆதிதொட்டுப் பிரியாது வாழ்ந்தவர் என்றே உலகம் எண்ணுகின்றது. சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. இற்றைக்கு 2600 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டில் வாழ்ந்த மக்களுள் மிகப் பெரும்பாலோர் அம்மதுவைச் சுவைத்தும் அறியாதவர். அஃது அவர்களிடம் அந்நியச் சரக்காகக் கப்பலேறி வந்தது. அது வந்த வழி யாது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது, பின்னர் அதனை அவர்கள் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நேயர்களே, இப்பொருளை நான் தேடிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பிலே கிரேக்க உரோம நாகரிகம் என்னும் பாடத்தைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். யூலியசு சீசர் கோல் நாட்டை வென்ற வரலாற்றை, சீசரே எழுதிய நூலை ஆதாரமாகக் கொண்டு விளக்கினேன். பாடம் முடிந்ததும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், வென்றவருடைய புத்தகத்தைப் படித்தோம். தோற்றவருடைய புத்தகம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். அப்படி ஒரு புத்தகம் இல்லை என்று மாத்திரம் சொல்லி அமர்ந்தேன். அவ்விடை உண்மையே, ஆயினும் அது முழுமையான விடையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

கோல் என்பது இன்றைய பிரான்சையும் அதனை அடுத்த சில நிலப்பகுதிகளையும் பண்டைய உரோமர் அழைத்த பெயர். தென்கிழக்குக் கரையோரத்தில் இலிகூரியர் வாழ்ந்தனர். தென்மேற்கில் அக்குவித்தானியரும் ஐபீரிய இனத்தவரும் வாழ்ந்தனர். நடுநாட்டிலும் வடக்கிலும் கெல்த்திய மொழி பேசிய பற்பல குலத்தார் பரந்திருந்தனர். இக்கெல்த்தியரையே உரோமர் கோலியர் என்றனர். இவர்களுடைய குருமாராகிய துரூயிதர் தம் கல்வியை ஏட்டில் எழுதாது, மனனஞ்செய்தே வழிவழியாகக் காத்து வந்தனர். கணக்கு முதலிய உலக கருமங்களுக்குக் கிரேக்க எழுத்தை வழங்கியபோதிலும், தம் வரலாற்றை அவர்கள் நூலாக எழுதி வைக்கவில்லை. ஆதலின் அவர்களைப் பற்றி நூல்கள் சொல்வனவெல்லாம் கிரேக்கரும் உரோமரும் சொன்னவையே. எனினும், நூலுக்குப் புறம்பான இன்னொரு சாட்சி உண்டு. அது மண். மண்ணிற் புதைந்த சாடிகளும் கல்லறைகளும் கடலடியிற் கிடக்கும் கப்பல்களும் எவருக்கும் பக்கஞ்சாராது பேசுகின்றன.

கோலியரின் பழைய பானம் வாற்கோதுமையிலிருந்து காய்ச்சிய பியர். தேனைப் புளிக்கவைத்து ஆக்கிய மதுவும் அவர்களிடம் இருந்தது. ஆற்றங்கரைக் காடுகளில் முந்திரிகைக் கொடி தானாகவே படர்ந்து நின்றது. அதன் சிறு பழங்களை மக்கள் பறித்துத் தின்றனர் என்பதற்குக் கற்கால ஊர்களிற் கிடைத்த விதைகள் சான்று. ஆயினும் கொடியை நட்டுக் கவாத்துச் செய்து, பழத்தைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்துச் சேமிக்கும் தொழில் கிழக்கே பிறந்தது. கோக்கேசிய மலைகளுக்குத் தெற்கே, ஜோர்ஜியா நாட்டில், கி.மு. 6000 ஆம் ஆண்டளவைச் சேர்ந்த மட்பாண்டங்களில் முந்திரிகை மதுவின் எச்சம் இருப்பதை 2017 ஆம் ஆண்டு ஆய்வாளர் வெளியிட்டனர். அங்கிருந்து மேற்கு நோக்கிப் படிப்படியாக நகர்ந்து, பினீசியர், கிரேக்கர், எத்துரூஸ்கர் ஆகிய கடலோடி மக்களின் கையில் இத்தொழில் வந்து சேர்ந்தது.

கோல் நாட்டின் தென்கரைக்கு முந்திரிகை மதுவைப் பெருமளவில் முதன்முதற் கொண்டுவந்தவர், இத்தாலியின் மேற்குக் கரையில் வாழ்ந்த எத்துரூஸ்கர் ஆவர். ஆம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளில் மதுவை நிறைத்துக் கப்பலில் ஏற்றினர். பிரான்சின் தென்கரையில் இயர் என்னும் ஊருக்கு அண்மையிலே கடலடியிற் கிடந்த அத்தகைய கப்பலொன்று 1999 ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அது மூழ்கியது கி.மு. 500 ஆம் ஆண்டளவில். சாடிகள் ஒன்றோடொன்று மோதி உடையாதபடி அவற்றினிடையே முந்திரிகைத் தழைகளைச் செருகி வைத்திருந்தனர் அக்காலத்து மாலுமிகள்.

இவர்களை அடுத்துக் கிரேக்கர் வந்தனர். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த போக்கேயா என்னும் நகரத்தார், கி.மு. 600 ஆம் ஆண்டளவில் மசாலியா என்னும் குடியேற்றத்தை நிறுவினர். அதுவே இன்றைய மார்செய் நகரம். அதன் பிறப்பைக் குறித்து ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. அப்பகுதியை ஆண்ட நன்னு என்னும் அரசன் தன் மகள் கிப்திசுக்கு மணமகனைத் தெரிவுசெய்ய விருந்து வைத்தானாம். அவள் எவனுக்கு நீர்க் கிண்ணத்தை நீட்டுகிறாளோ அவனே அவளுக்குக் கணவன். கூடியிருந்த உள்ளூர் வீரரையெல்லாம் விடுத்து, அன்றுதான் கரையிறங்கிய கிரேக்கனாகிய புரோத்திசு என்பவனுக்கு அவள் கிண்ணத்தை நீட்டினாள். அரசன் மருமகனுக்கு நகரமமைக்க நிலம் ஈந்தான். கதை கதையே ஆயினும், அதில் ஓர் உண்மை உண்டு: அந்நிலம் வெறுநிலமன்று, அங்கே முன்னரே அரசும் குடியும் இருந்தன. இக்கதையை எழுதிவைத்த போம்பேயு திரோகு என்னும் வரலாற்றாசிரியர் தாமே கோல் நாட்டுக் குலமொன்றிற் பிறந்தவர். கொடியைக் கவாத்துச் செய்யவும் ஒலிவ மரத்தை நடவும் கோலியர் கற்றது மசாலியரிடமே என்று அவர் வழிவந்த நூல் கூறுகின்றது.

இக்கூற்றுக்கு மண் தரும் சாட்சி யாது? மொம்பெலியே நகருக்கு அண்மையில் இலத்தாரா என்னும் பழைய துறைமுகம் ஒன்று உண்டு. இன்று அதன் பெயர் இலாத்து. கி.மு. 525 க்கும் 475 க்கும் இடைப்பட்ட எத்துரூஸ்கச் சாடிகள் அங்கே கிடைத்தன. அவற்றின் உட்சுவரில் ஊறியிருந்த எச்சத்தை இரசாயன முறையிற் சோதித்தபோது, முந்திரிகைக்குரிய தாத்தாரிக்கமிலமும், பைன் மரப் பிசினும், உரோசுமரி போன்ற வாசனைப் பூண்டுகளின் சுவடும் வெளிப்பட்டன. அதே ஊரில், கி.மு. 425 க்கும் 400 க்கும் இடைப்பட்ட காலத்துக் கல்மேடை ஒன்றும் இருந்தது. அது ஒலிவ நெய் பிழிந்த செக்கோ, மதுப்பழம் பிழிந்த செக்கோ என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. அதன் மேற்பரப்பிலும் தாத்தாரிக்கமிலத்தின் அடையாளம் உண்டென 2013 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முடியுமுன்னரே அக்கரையோர மக்கள் தம் மண்ணிலேயே மதுவைப் பிழியத் தொடங்கிவிட்டனர் எனலாம்.

கரையோரத்தில் நிலை இதுவாக, உள்நாட்டில் மது அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரிய அரும்பொருளாக நின்றது. 1953 ஆம் ஆண்டு தை மாதத்திலே, பர்கண்டிப் பிரதேசத்து வீ என்னும் சிற்றூரில், இரெனே யொப்புருவா என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவரும் ஒரு கல்லறையைத் திறந்தனர். கி.மு. 500 ஆம் ஆண்டளவிலே, கழுத்திற் பொற்காறை அணிவித்து, நான்கு சில்லு வண்டியின் மேற் கிடத்தி அடக்கஞ் செய்யப்பட்ட ஒரு பெருமாட்டியின் கல்லறை அது. அதன் ஒரு மூலையில் வெண்கலப் பாத்திரம் ஒன்று நின்றது. மதுவையும் நீரையும் கலப்பதற்குக் கிரேக்கர் செய்யும் கலம் அது. உயரம் 1.64 மீற்றர், நிறை 208 கிலோகிராம், கொள்ளளவு ஏறக்குறைய 1100 இலீற்றர். பண்டை உலகிலிருந்து நமக்குக் கிடைத்த வெண்கலக் கலங்களுள் இதனினும் பெரிது வேறில்லை. தென்கடலிலிருந்து பல நூறு மைல் கடந்து இது வந்தது. கோலியரிடையே பெண்ணொருத்தி எத்துணை உயர்நிலையில் இருக்கலாம் என்பதையும், ஒரு பாத்திர மதுவுக்கு எத்துணை மதிப்பு இருந்தது என்பதையும் இக்கல்லறை ஒருங்கே காட்டுகின்றது. எந்த உரோம நூலிலும் இப்பெருமாட்டியின் செய்தி இல்லை.

இனி, நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோதோரு என்னும் சிசிலி நாட்டுக் கிரேக்க ஆசிரியர், கோலியர் மதுவில் நீர் கலவாது குடித்து மயங்குவர் என்றும், அவ்வாசையைக் கண்ட இத்தாலிய வணிகர் அதனைத் தமக்குக் கிடைத்த புதையலாகக் கருதினர் என்றும் எழுதுகின்றார். ஆறுள்ள இடத்துக்குப் படகிலும், ஆறில்லா இடத்துக்கு வண்டியிலும் மதுவைக் கொண்டுசென்ற அவ்வணிகர் பெற்ற விலை யாது? ஒரு சாடி மதுவுக்கு ஓர் அடிமை! அக்காலத்து இத்தாலியச் சாடி ஒன்று ஏறக்குறைய 25 இலீற்றர் கொள்ளும். இருபத்தைந்து இலீற்றர் மது ஒருபுறம். ஒரு மானிட உயிர் மறுபுறம்.

இதனைக் கோலியரின் அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. தியோதோருவும் அப்படித்தான் எண்ணினார் போலும். ஆயின் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். மதுவை வாங்கியவன் குலத்தலைவன். தன் வீரருக்கு விருந்தளித்துத் தன் அதிகாரத்தைக் காக்க அவனுக்கு மது வேண்டும். கொடுக்கப்பட்டவனோ போரிற் பிடிபட்டவன், அல்லது கடன்பட்டவன். சாடி தீர்ந்தால் இன்னொரு சாடி வேண்டும்; அதற்கு இன்னொரு கைதி வேண்டும்; கைதிக்காக இன்னொரு போர் வேண்டும். இத்தாலியிலோ பெருந் தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகள் வேண்டும். அத்தோட்டங்களில் விளைந்த மதுவுக்குச் சந்தை வேண்டும். இச்சக்கரத்தைச் சுழற்றியவர் இரு புறத்திலும் இருந்தனர். அதன் கீழ் நசுங்கியவனுடைய பெயரை மாத்திரம் எந்தச் சாடியிலும் எவரும் பொறிக்கவில்லை. சாடி வனைந்த தோட்டக்காரனின் முத்திரை இன்றும் தெளிவாக இருக்கின்றது.

இவ்வியாபாரத்தின் பருமனைக் கடல் சொல்கின்றது. 1967 ஆம் ஆண்டு, ஜியேன் தீபகற்பத்தை அடுத்த கடலில் பிரெஞ்சுக் கடற்படைச் சுழியோடிகள் ஓர் உரோமக் கப்பலைக் கண்டனர். கி.மு. 75 க்கும் 60 க்கும் இடையில் மூழ்கிய அக்கப்பலின் நீளம் ஏறக்குறைய 40 மீற்றர். அதில் அடுக்கடுக்காக ஆறாயிரம் முதல் ஏழாயிரம் வரையான மதுச்சாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. இஃது ஒரேயொரு கப்பலின் சுமை. உள்நாட்டு ஆறுகளின் படுக்கையிலும் பழைய கோட்டை நகரங்களின் குப்பைமேடுகளிலும் இத்தாலியச் சாடிகளின் உடைசல் ஆயிரமாயிரமாகக் கிடைக்கின்றது.

உரோமர் தென்கோல் பகுதியைக் கி.மு. 121 ஆம் ஆண்டளவிற் கைப்பற்றி, கி.மு. 118 இல் நார்போ என்னும் நகரத்தை அமைத்தனர். அதன் பின் மதுவின் மீது வரியும் வந்தது. அம்மாகாணத்தை ஆண்ட பொந்தேயு என்பவன் மதுச்சாடிகளுக்கு முறைகேடாக வரி வாங்கினான் என்று கோலியர் உரோமுக்கே சென்று வழக்குத் தொடுத்தனர். கி.மு. 69 ஆம் ஆண்டளவில் அவனுக்காக வாதாடியவர் நாவலராகிய சிசரோ. கோலியரின் சாட்சியம் நம்பத்தக்கதன்று என்பதே அவர் வாதத்தின் சாரம். அதே சிசரோ பிற்காலத்தில் எழுதிய ‘குடியரசு’ என்னும் நூலில், ஆல்பு மலைக்கு அப்பாலுள்ள மக்கள் முந்திரிகையும் ஒலிவமும் நடக்கூடாதென உரோமர் தடுத்தது தம் தோட்டங்களின் விலையைக் காப்பதற்கே என்ற செய்தி வருகின்றது. அதனை விவேகம் எனலாம், நீதி எனல் இயலாது என்பது அந்நூலிற் பேசும் ஒருவரின் கருத்து. வென்றவருடைய புத்தகமும் சிலவேளை மெய் பேசிவிடுகின்றது!

இவ்விடத்தில் நம்மவருக்குரிய செய்தி ஒன்றையும் குறிப்பிடல் பொருந்தும். மத்தியதரைக் கடலின் மது கிழக்கு நோக்கியும் பயணஞ் செய்தது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் மோட்டிமர் வீலர் 1945 இல் நடத்திய அகழ்வில் அத்தகைய இருபிடிச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றிற் பாடியுள்ளார். தமிழகம் மேற்குலகுக்கு மிளகும் முத்தும் அனுப்பிப் பொன்னும் மதுவும் பெற்றது. ஒரே கடல் வாணிகம், ஒரே வகைச் சாடி. ஆயின் இறங்கிய துறைக்கேற்ப விலை வேறுபட்டது.

கோலியருள் எல்லாரும் இச்சாடிக்கு மயங்கினாரல்லர். இன்றைய பெல்சியத்திலும் பிரான்சின் வடவெல்லையிலும் வாழ்ந்த நேர்வியர் என்னும் குலத்தார், மதுவோடு வரும் வணிகரைத் தம் எல்லைக்குள் விடாது தடுத்தனர். மது மனவுறுதியைத் தளர்த்தும் என்பது அவர்கள் கொள்கை. இதனை எழுதியவர் அவர்களைக் கி.மு. 57 இல் ஆற்றங்கரையொன்றிற் பொருது வென்ற சீசரே. போராளர் அறுபதினாயிரவருள் ஐந்நூற்றுவரே எஞ்சினர் என்றும் அவர் எழுதுகின்றார். ஆயினும் மூன்றே ஆண்டில் அதே நேர்வியர் மீண்டும் படைதிரட்டி உரோமப் பாசறையை வளைத்தனர் என்று அவரே வேறோர் அத்தியாயத்தில் எழுத வேண்டியதாயிற்று. இவ்விரண்டையும் ஒப்புநோக்கிப் படிக்கும் பழக்கத்தையே வரலாற்று மாணவர் பெற வேண்டும்.

கி.மு. 52 இல் அலேசியாவிலே வெர்சிஞ்செத்தோரி சரணடைந்ததோடு கோலியரின் அரசியற் சுதந்திரம் மாய்ந்தது. அதன்பின் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது. வாங்கிக் குடித்தவர் நட்டு வளர்ப்பவர் ஆயினர். உரோன் ஆற்றங்கரையில் வியேன் நகரைத் தலைநகராகக் கொண்ட அல்லோபுரோகியர், குளிரைத் தாங்கும் கொடி ஒன்றை வளர்த்தனர். அதன் மதுவுக்கு இயல்பிலேயே கீல் மணம் உண்டென்று கி.பி. 79 இல் மறைந்த பிளினி வியந்து எழுதினார். இன்றைய போர்தோவில் வாழ்ந்த பித்தூரியர் தம் பெயராலேயே வழங்கிய பித்தூரிகை என்னும் கொடியை வளர்த்தனர். வெப்பமான தென்கரையைத் தாண்டி முந்திரிகை வளராது என்றிருந்த நிலை இவ்வாறு மாறியது. கோல் நாட்டு மது கோல் நாட்டுச் சாடிகளில் நிறைந்து உரோம நகருக்கே சென்றது. வணிகக் கப்பல் திசை திரும்பியது எனலாம்.

கோலியர் உலகுக்கு அளித்த இன்னொரு கொடை மரப்பீப்பா. தச்சுத்தொழிலில் வல்லவரான அவர்கள், பலகைகளை வளைத்து வளையமிட்டு இறுக்கிக் கலம் செய்தனர். ஆல்பு மலைப் பக்கத்தார் மதுவை வளையமிட்ட மரக்கலங்களில் வைப்பர் என்று பிளினியே கூறுகின்றார். மட்சாடி கனமானது, எளிதில் உடைவது. அதனைத் தூக்க இருவர் வேண்டும். பீப்பாவோ உருட்டினால் உருளும். இரு பீப்பாக்களை ஏற்றிய படகொன்றைக் கரையில் நின்று ஆட்கள் கயிறுகட்டி இழுக்கும் காட்சி கபிரியேர் தெக்கு என்னும் ஊரிற் கிடைத்த கல்லிலே செதுக்கப்பட்டுள்ளது. காலப்போக்கிற் சாடி மறைந்தது, பீப்பா நிலைத்தது. கற்றுக்கொண்டவர் தாமும் கற்பித்தனர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கி.பி. 92 ஆம் ஆண்டளவில் தொமித்தியன் என்னும் பேரரசன், தானியம் அருகி மது மலிந்தது கண்டு, மாகாணங்களிலுள்ள முந்திரிகைகளிற் பாதியைப் பிடுங்கி எறியுமாறு கட்டளையிட்டான். கட்டளை முற்றாக நிறைவேறவில்லை. மண் இதற்கும் சாட்சி கூறுகின்றது. பர்கண்டியில் செவ்ரே சாம்பெர்த்தேன் என்னும் ஊரில் 2008 ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வில், முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த முந்நூறுக்கு மேற்பட்ட நடுகுழிகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. ஒவ்வொரு குழியிலும் இரண்டிரண்டு கொடி நடப்பட்டிருந்தது. 276 முதல் 282 வரை ஆண்ட புரோபு என்னும் பேரரசன், கோலியர் விரும்பியவாறு முந்திரிகை வளர்க்கலாமென வெளிப்படையாகவே அனுமதித்தான். அடுத்த நூற்றாண்டிலே போர்தோ நகரிற் பிறந்த ஔசோனியு என்னும் கவிஞர், பல்லாண்டு பள்ளி ஆசிரியராக இருந்து, அரசகுமாரனுக்கும் ஆசானாகி, 379 இல் உரோமின் கொன்சல் பதவி பெற்றார். கோல் நாட்டின் முந்திரிகைச் சரிவுகளை அவர் இலத்தீன் கவிதையிற் புகழ்ந்தார். இலத்தீன் கவிதையில் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குள் கோலிய மொழி நாட்டுப்புறத்துக்கு ஒதுங்கிவிட்டது. சில தலைமுறைகளில் அது முற்றாக மறைந்தது. பின்னர் வந்த பிராங்கியரின் பெயரே நாட்டுக்கும் நிலைத்தது.

கொடி வந்தது, மொழி போனது. இதனை இலாபமென்பதா, நட்டமென்பதா? இரண்டும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் கூடாது. மேலும், மறைந்ததும் முற்றாக மறையவில்லை. பிரெஞ்சு மொழியில் ஓக்கு மரத்துக்கு வழங்கும் சொல்லும், பீப்பாவின் அடியில் தங்கும் மண்டிக்கு வழங்கும் சொல்லும் கோலிய மொழியிலிருந்து எஞ்சியவை என்பர் மொழிநூலார். தோட்டத்து உழவன் தன் மதுவின் மண்டியைப் பற்றிப் பேசும்போது, தான் அறியாமலே தோற்றவருடைய சொல்லைப் பேசுகின்றான். கொடியின் கதையும் அத்தகையதே. பிரான்சின் பழைய ஊர்களிற் கிடைத்த முந்திரிகை விதைகளின் மரபணுவை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டனர். உரோமர் காலத்து விதைகள் சில, இன்று வளரும் கொடிகளுக்கு நெருங்கிய உறவின. ஓர்லியன் நகரிற் கிடைத்த, ஏறக்குறைய 900 ஆண்டுப் பழைமையுள்ள விதையோ, சாவஞ்ஞேன் என இன்றும் பயிராகும் கொடியே. விதையூன்றாது கிளையை வெட்டி வெட்டி நட்டதனால், அத்தனை நூற்றாண்டும் ஒரே கொடி உயிரோடிருந்திருக்கின்றது.

என் மாணவியின் கேள்விக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இதுவே. தோற்றவருடைய புத்தகம் ஏட்டில் இல்லை. அது கல்லறையில் ஒரு வெண்கலக் கலமாகவும், கடலடியில் ஒரு கப்பற் சுமையாகவும், வயலில் முந்நூறு குழியாகவும், ஒரு சொல்லாகவும், ஒரு விதையாகவும் கிடக்கின்றது. அதனைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். அங்ஙனம் படித்தாலும், ஒரு சாடிக்கு விலையாகப் போன அந்த மனிதனின் பெயரை நாம் அறியப் போவதில்லை. பெயர் தெரியாதவன் என்பதற்காக அவனைக் கணக்கில் விடுதல் மாத்திரம் ஆகாது. வரலாறு கற்பிப்பவன் தன் வகுப்பிலே, சாடியின் முத்திரையைக் காட்டும்போதெல்லாம், அதற்கீடாகக் கைமாறியவனையும் ஒரு சொல்லால் நினைவூட்டக் கடமைப்பட்டவன்.